பகிர்வு ஃபோல்டர் திறக்கத் தாமதமா? கேள்விகளைக் குறையுங்கள்

கேரள அரசுப் பள்ளிகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2001-இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ என்று தொடங்கிய திட்டம் 2017-இல் ‘கைட்’ நிறுவனமானது. அது தரும் உபுண்டு சார்ந்த இயங்குதளம் பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலும் இடுக்கியின் மறையூர், பீருமேட்டிலும் உள்ள தமிழ்வழி மாணவர்களுக்கும் பழக்கம்.

மாணவர்களின் செயல்முறை வேலைகளையும் விழாப் படங்களையும் ஒரே சர்வரில் வைத்து, நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக லேப் முழுக்கப் பகிர்ந்தால் வசதிதான். ஆனால் ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் ஃபோல்டர் திறக்க மறுக்கும். உடனே புது சர்வர் கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டாம். பெரும்பாலும் கோளாறு சர்வரின் வேகத்தில் இல்லை. அதனிடம் கேட்கப்படும் கேள்விகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

வகுப்பின் பெயர்ப்பட்டியலை ஒரே தாளில் வாங்கிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் வயதையும் கேட்க ஆபீஸ் அறைக்குத் தனித்தனியாக நடப்பதுபோலத்தான் இது. பெயர்கள் மொத்தமாக வந்துவிடும். அளவு, தேதி, உரிமை ஆகியவற்றுக்கு ஃபைலுக்கு ஒரு கேள்வி போகும். 8,000 ஃபைல்கள், ஒரு கேள்வி போய்வர அரை மில்லி விநாடி என்றால் 4 விநாடி. சர்வர் வெளியூரில் இருந்து, போய்வர 40 மில்லி விநாடி ஆனால் 320 விநாடி. மலைப் பகுதிப் பள்ளிகள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

(கட்டளைகளை ஒலிப்பில் தந்திருக்கிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

படி 1: அளந்து பாருங்கள்

டெர்மினலில் ‘டைம்’ கட்டளையோடு ‘எல்எஸ்’ஸை இரண்டு விதமாக ஓட்டுங்கள். முதலில், முன்னால் பின்சாய்வுக் கோடு போட்டு, கழித்தல் குறியும் பெரிய எழுத்து ‘யு’வும் சேர்த்து. இது வண்ணமும் வரிசைப்படுத்தலும் இல்லாமல் பெயர்களை மட்டும் கேட்கும். அடுத்து, கழித்தல் குறியும் சிறிய ‘எல்’லும் சேர்த்து. முதலாவது சட்டென முடிந்து இரண்டாவது இழுத்தால், விவரக் கேள்விகள்தான் காரணம். இரண்டுமே இழுத்தால் சர்வரின் டிஸ்க்கையும் நெட்வொர்க் கேபிளையும் பாருங்கள். ‘பிங்’ கொடுத்து போய்வரும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தேவையற்ற கேள்விகளை நிறுத்துங்கள்

உபுண்டுவில் ‘எல்எஸ்’ வண்ணத்தோடுதான் வரும். எந்த ஃபைல் இயக்கக்கூடியது என்று நிறம் காட்டவே அது ஒவ்வொன்றையும் விசாரிக்கும். பெரிய ஃபோல்டர்களில் வண்ணத்தை அணைத்துவிடுங்கள். ஃபைல் மேனேஜரின் அமைப்பில் சிறுபடங்கள் இந்தக் கணினிக்கு மட்டும் என்றிருக்கட்டும். இல்லையென்றால் பட ஃபோல்டரைத் திறந்ததுமே படங்களை நெட்வொர்க் வழியாக இழுக்கத் தொடங்கிவிடும்.

படி 3: மவுண்ட் அமைப்பைப் பாருங்கள்

‘என்எஃப்எஸ்ஸ்டாட்’ கட்டளையைப் பட்டியல் எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஓட்டுங்கள். விவரம் கேட்கும் ‘கெட்அட்டர்’ அழைப்புகள் ஏறத்தாழ ஃபைல்களின் எண்ணிக்கை அளவுக்கு எகிறினால், விவரங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன என்று பொருள். பெயரையும் விவரத்தையும் சேர்த்தே கொண்டுவரும் ‘ரீட்டைர்பிளஸ்’ வசதி என்எஃப்எஸ் 3-ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது. மவுண்ட் அமைப்புகள் இருக்கும் ‘எஃப்எஸ்டேப்’ ஃபைலில் யாராவது அதை அணைக்கும் ‘நோஆர்டிர்பிளஸ்’ என்று எழுதியிருந்தால் நீக்குங்கள்.

ஃபைல் விவரங்களைக் கணினி நினைவில் வைத்திருப்பது வழக்கமாக 3 முதல் 60 விநாடி வரைதான். அதிகம் மாறாத பாடப்பொருள், படத் தொகுப்புகளுக்கு, இந்த நேரத்தைத் தீர்மானிக்கும் ‘ஏசிடைமியோ’வை 600 விநாடி ஆக்கலாம். மாற்றியபின் அன்மவுண்ட் செய்து மீண்டும் மவுண்ட் செய்யுங்கள்.

படி 4: ஃபோல்டரைப் பிரித்துவையுங்கள்

நிலைத்து நிற்கும் தீர்வு இதுதான். ஆண்டு, வகுப்பு, பிரிவு என்று உள்ஃபோல்டர்கள் போட்டு, ஒன்றில் சில நூறு ஃபைல்களுக்கு மேல் சேராமல் பாருங்கள். பழைய ஆண்டுகளின் வேலைகளை ஆண்டுக்கொரு ஜிப் ஃபைலாகக் கட்டிவைத்தால் ஆயிரம் கேள்விகள் ஒன்றாகச் சுருங்கும்.

படி 5: பல சர்வர்கள் என்றால்

பல சர்வர்களை ஒரே கிடங்காக்கும் கிளஸ்டர்எஃப்எஸ், தமிழருக்குச் சொந்த ஊர்க்காரர் போன்றது. இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. அவருடைய நிறுவனத்தை 2011-இல் ரெட் ஹாட் வாங்கியது.

இதில் ஃபைல் எந்த ‘பிரிக்’கில் (சர்வரில் உள்ள சேமிப்புப் பகுதியில்) இருக்கும் என்பதைப் பெயரைக் கொண்டே கணக்கிடுவதால், ஒரு ஃபைலைத் தேடுவது எளிது. ஆனால் ஃபோல்டர் எல்லா பிரிக்கிலும் பரவிக் கிடக்கிறது. பட்டியலுக்கு ஒவ்வொன்றாகப் போய்வர வேண்டும். ‘பேரலல்-ரீட்டைர்’ அமைப்பை இயக்கினால் எல்லாவற்றிடமும் ஒரே சமயத்தில் கேட்கும். அதற்கு முன் ‘ரீட்டைர்-அஹெட்’ இயக்கத்தில் இருக்க வேண்டும். ‘மெட்டாடேட்டா-கேஷ்’ தொகுப்பு, விவரங்களை 10 நிமிடம் நினைவில் வைக்கும்.

படி 6: ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

ஒரு மாற்றம் செய்து, படி 1-இன் அளவையே மறுபடி எடுத்து, லேப் நோட்டில் எழுதுங்கள். பிறகுதான் அடுத்தது. பலன் தராத மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: நினைவில் வைக்கும் நேரத்தை நீட்டினால், ஒரு கணினியில் மாறிய ஃபைலின் புதிய விவரம் இன்னொன்றில் தாமதமாகத் தெரியலாம். எஸ்எஸ்எல்சி ஐடி செய்முறைத் தேர்வு நாட்களில், மாணவர்கள் சேமிக்கும் ஃபோல்டருக்கு மட்டும் வழக்கமான அமைப்பையே வைத்திருங்கள். அங்கே வேகத்தைவிட, கடைசியாகச் சேமித்தது ஆசிரியர் கண்ணில் படுவதுதான் முக்கியம்.