ஓர் அறை மாளிகை

கணிப்பொறி ஒன்றே, அதனைக் கையாள்வோரோ பலர். ஒருவர் கடிதம் எழுதுவார். மற்றொருவர் வரவு செலவு பார்ப்பார். வேறொருவர் சதுரங்கம் ஆடிப் பொழுது போக்குவார். இவர்கள் அனைவர்க்கும் பொறியின் முழு ஆற்றலையும் திறந்துவிடுதல் வேண்டுமோ? புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் பொறியையும், வங்கியின் வாயிலில் பணம் வழங்கும் பொறியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் இருப்பதும் கணிப்பொறியே. ஆயினும், தனக்கு இட்ட பணியைத் தவிர வேறொன்றையும் அது நமக்குக் காட்டுவதில்லை. இக்கட்டுப்பாடு அமையும் முறையை அறிவதற்கு, அது மிக எளிமையாக விளங்கிய ஒரு பழைய அமைப்பைக் காண்போம்.

அமெரிக்க நாட்டில், நியூஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில் என்னும் ஊரில் இயங்கிய பெல் ஆய்வுக்கூடத்தில், 1969ஆம் ஆண்டு யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையின் உருவாக்கம் தொடங்கிற்று. அதனை ஆக்கியவருள் தலையாயவர் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் இருவர். அவ்வமைப்பில், பயனர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தந்து நுழைந்தவுடன் ஷெல் என்னும் நிரல் அவரை எதிர்கொள்ளும். பயனர் இடும் கட்டளைகளைக் கேட்டு, உரிய நிரல்களை இயக்கித் தரும் ஏவலாளன் அது. அதன் துணை கிடைத்துவிட்டால் மாளிகையின் அறைகள் பலவற்றிலும் உலவி வரலாம்.

ஒவ்வொரு பயனர்க்கும் கடவுச்சொற் கோப்பில் ஒரு வரி உண்டு. அவர் நுழைந்ததும் எந்த நிரல் இயங்கவேண்டும் என்பதை அவ்வரியின் இறுதியில் குறிக்கலாம். பெரும்பாலோர்க்கு அது ஷெல்லே. அவ்விடத்தில் வேறொரு நிரலின் பெயரை எழுதிவிட்டால், அந்நிரலே அவரை எதிர்கொள்ளும். அது முடிந்தவுடன் தொடர்பும் முடிந்துவிடும். ஒரு சொல்லை மாற்றிய அளவில் மாளிகை முழுவதும் ஓர் அறையாகச் சுருங்கிவிடுகின்றது! பெரிய பூட்டுகளைப் பூட்டுவதினும் இஃது எத்துணை எளிது!

தாம்சனும் ரிச்சியும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை விளக்கியுள்ளனர். ஆவணங்களை எழுதும் அலுவலகப் பணியாளர்க்கு ஷெல்லுக்கு மாற்றாக உரைதிருத்தி நிரலை அமைக்கலாம். அவர் நுழைந்தவுடனே வேலையைத் தொடங்கலாம். தமக்கு உரியதல்லாத நிரல்களைத் தொடவும் இயலாது. சதுரங்கம் முதலிய ஆட்டங்களுக்கும் அவர்கள் தனித்தனிக் கணக்குகள் வைத்திருந்தனர். ஆட வந்தவர் ஆடலாம். அதனினும் சுவை மிகுந்த பிற பகுதிகளை ஆராய்ந்து பார்த்தல் மட்டும் இயலாது என்று அவர்கள் நகைச்சுவை தோன்றக் கூறுவர்.

இனித்தான் இடர் தொடங்குகின்றது. எழுதியதை அழகுற அமைத்து அச்சிட வேறு நிரல்கள் தேவைப்பட்டன. ஆதலின், உரைதிருத்தியிலிருந்து சிறிது நேரம் வெளியே செல்ல வழிவிடுதல் நலம் என அவர்களே கண்டனர். வியப்புக்குறி ஒன்றை இட்டு, அதனை அடுத்து ஒரு கட்டளையை எழுதினால், ஷெல் வந்து அதனை நிறைவேற்றும். வாயிலில் விலக்கி வைத்த ஏவலாளன் சாளரத்தின் வழியே உள்ளே வந்துவிட்டான்! பின்னாளில், அக்குறியின் ஆற்றலை நீக்கிய உரைதிருத்தி ஒன்றும் தோன்றிற்று. இன்றும் ஒரு நிரலை மட்டும் திறந்து வைப்பது எளிய வேலையே. அந்நிரலுக்குள் இருக்கும் அச்சிடும் பலகம், கோப்பைத் திறக்கும் பலகம், உதவிப் பக்கம் ஆகிய சிறு சாளரங்களைத் தேடி அடைப்பதே அரிய வேலை.

இக்கட்டுப்பாட்டைப் பயனர்மீது கொண்ட ஐயம் என்று கருதுவோர் உளர். அது முழு உண்மை அன்று. ஒவ்வொருவர்க்கும் அவர்தம் பணிக்கு வேண்டிய அளவு உரிமையே அளித்தல் வேண்டும் என்னும் நெறியை ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவர் 1975இல் தெளிவுற எழுதினர். தவறியோ தற்செயலாகவோ நேரும் கேடு பரவாமல் தடுத்தலையே அவர்கள் அந்நெறியின் முதற்பயனாகக் காட்டினர். விரல் தவறி ஒரு கோப்பை அழித்துவிட்டவர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

2012இல் ஆப்பிள் நிறுவனத்தின் கைக்கருவிகளிலும், 2013இல் விண்டோஸ் 8.1 பதிப்பிலும் ஒரே செயலியில் பயனரை நிறுத்தும் வசதி சேர்க்கப்பட்டது. விண்டோஸில் இவ்வாறு கட்டுப்படுத்தப் பெறுவது சாதாரணக் கணக்கே. நிர்வாகியின் கணக்கு அன்று. அதனையும் ஓர் அறைக்குள் அடைத்துவிட்டால், அடைத்த கதவைத் திறப்பவர் யார்?