சக்கரங்களின் மேல் ஒரு சிற்றறை
(லாரிக் கேபினில் குடியேறுவதும் அதனைத் திருத்தி அமைப்பதும் பற்றி ஓர் ஆய்வு)

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் முன்னோர் மொழி. வளை ஓரிடத்தில் நிற்பதாக இருந்தால் இம்மொழி முற்றும் பொருந்தும். வளையே மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால், அதில் வாழ்பவன் எங்ஙனம் உண்பான், எங்ஙனம் உறங்குவான்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓடும் வீடு உலகுக்குப் புதிதன்று. நம் நாட்டுக் கூண்டு வண்டியில் பாயும் தலையணையும் மேலே இருக்கும். மாட்டுக்கு வைக்கோல் கீழே தொங்கும். அச்சருகே அரிக்கன் விளக்கு ஆடும். வேண்டிய பொருள் வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும் என்னும் கலையை வண்டிக்காரர் நன்கு அறிந்திருந்தனர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத் தொழிற்சாலை ஒன்றில் குதிரைகள் இழுக்கும் வீடொன்றைச் செய்வித்தார். இன்பச் சுற்றுலாவுக்கென்றே கட்டப்பட்ட முதல் வண்டி வீடு அதுவே என்பர். அதன் வழிவந்த சிறு இழுவை வீடுகளை வாங்கி, தம் விருப்பம்போல் படுக்கையும் அலமாரியும் அமைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது மேலை நாடுகளில் இன்றும் ஒரு பொழுதுபோக்கு.

நம் மாவட்டத்திலோ ஓடும் வீடு பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையும், சேலம் வழியே குமரி முனை வரை செல்லும் சாலையும் கூடுமிடம் கிருஷ்ணகிரி. இன்று அவை 48, 44 எனும் எண்களைத் தாங்கிய தேசிய நெடுஞ்சாலைகள். 1971-இல் நிறுவப்பெற்ற சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980-இல் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலை அங்குத் தொடங்கியது. அதன்பின் ஓசூர் முதல் ஜூஜூவாடி எல்லை வரை, இரவும் பகலும் லாரிகள் நிற்காத இடமில்லை. மாம்பழக் கூழும், கருங்கல்லும், எந்திர உறுப்புகளும் ஏற்றி வடநாடு செல்லும் ஓட்டுநருக்கு மாதத்தில் இருபது நாள் அந்தக் கேபினே வீடு.

என் தாய்மாமன் அவ்வாறான ஓட்டுநர்களுள் ஒருவர். சென்ற ஆண்டு அவர் பழைய லாரி ஒன்றைக் கடன் பட்டு வாங்கினார். கேபினைத் திருத்தும் வேலையில் இயற்பியல் மாணவனாகிய என்னையும் சேர்த்துக்கொண்டார். யான் அளந்ததையும் கணக்கிட்டதையும் இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

முதலில் தங்குக, பின்னர் மாற்றுக

வண்டி வந்த அன்றே பட்டறைக்குக் கொண்டுபோய் மெத்தையும் விசிறியும் பொருத்திவிடலாம் என்றுதான் நான் எண்ணினேன். மாமா இசையவில்லை. "ஒரு நடை அப்படியே போய்ட்டு வர்றேன் மாப்ளே. எங்க இடிக்குது, எங்க குத்துதுன்னு உடம்பு சொல்லட்டும். அப்புறம் கை வைக்கலாம்" என்றார். பூனே வரை சென்று திரும்பியவர் ஒரு சிறு குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தார். 'எஞ்சின் மூடிப்பக்கம் இடது கால் சுடுகிறது. விடியற்காலையில் கண்ணாடி வியர்க்கிறது. தண்ணீர்க் கேன் உருளுகிறது. விசிறி இரவு இரண்டு மணிக்கு நின்றுவிடுகிறது.' இப்படி நான்கே குறைகள் எழுதியிருந்தார்.

நான் வேண்டுமென்று நினைத்த அலமாரியும் அலங்கார விளக்கும் அப்பட்டியலில் இல்லை. சிற்றறையைத் திருத்துவோர் அனைவருக்கும் இது முதற்பாடம். இடம் குறைவாக உள்ளபோது தேவையற்ற ஒவ்வொரு பொருளும் தேவையான ஒன்றின் இடத்தைப் பறித்துக்கொள்ளும். நான் அளந்தபோது கேபினின் உள்ளகலம் 2.1 மீட்டர், முன்பின் நீளம் 1.8 மீட்டர். பரப்பு ஏறக்குறைய 40 சதுர அடி. இருக்கைக்குப் பின்னால் உள்ள படுக்கைப் பலகையின் அகலம் இரண்டே அடி. இதற்குள் ஒரு மனிதன் உறங்கி எழுந்து, மறுநாள் தொப்பூர்க் கணவாயில் இருபது டன் சுமையை இறக்க வேண்டும். ஆகவே, 'இம்மாற்றம் உறக்கத்தைக் கூட்டுமா, குறைக்குமா?' என்பதையே அளவுகோலாகக் கொண்டோம்.

வெப்பம்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்னும் கணக்கின்படி, ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் இரண்டரை டிகிரி வேறுபாடு உண்டாகிறது. சூளகிரி இறக்கத்தில் இறங்கும் ஓட்டுநர் இதைத் தம் உடம்பாலேயே அறிவார். ஓசூரில் போர்வை தேடுபவர், கிருஷ்ணகிரியில் சட்டையைக் கழற்றுவார். ஆகவே, கேபின் குளிருக்கும் வெயிலுக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும்.

எஃகுத் தகடு வெப்பத்தை எளிதில் கடத்தும். மரத்தைவிட அதன் கடத்துதிறன் முந்நூறு மடங்குக்கும் மேல். அசைவற்ற காற்றோ மரத்தையும்விடக் குறைவாகவே கடத்தும். எனவே கூரைத் தகட்டின் உட்புறம் ஓர் அங்குல இடைவெளி விட்டுப் பலகை அறைந்தோம். வெளிப்புறத்தில் வெள்ளை வண்ணம் பூசினோம். எஞ்சின் மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை இற்றுப்போயிருந்தது. அதை மாற்றியதும் கால் சூடு பெரிதும் தணிந்தது. புகை நாற்றமும் நின்றது. எஞ்சின் அருகில் தெர்மாகோலோ நுரை மெத்தையோ ஒட்டுதல் ஆகாது. அவை எளிதில் தீப்பற்றும். எரியும்போது நச்சுப் புகை கக்கும்.

காற்றும் அடுப்பும்

விடியற்காலையில் கண்ணாடி வியர்ப்பதற்குக் காரணம் உறங்குபவரின் மூச்சில் உள்ள நீராவி. அது குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. வியர்த்த கண்ணாடி, உள்ளே காற்று மாறவில்லை என்பதற்குச் சான்று. எதிரெதிர்ச் சன்னல்களை இரண்டு விரற்கடை இறக்கிவைத்து, கொசுவலைத் துணி பொருத்தினோம். செலவு மிகச் சொற்பம், பயன் பெரிது.

கதவை அடைத்துக்கொண்டு கேபினுக்குள் சமைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. காற்றுப் போதாமல் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் விழிக்காமலேயே உயிர் இழக்கக்கூடும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். ஆகையால் அடுப்பையும் சிறு சிலிண்டரையும் கேபினுக்கு வெளியே, வண்டியின் பக்கவாட்டில் காற்றோட்டமுள்ள இரும்புப் பெட்டி செய்து வைத்தோம். பெட்டியின் அடியில் துளைகள் உள்ளன. கசிந்த வாயு அவ்வழியே வெளியேறிவிடும். சமையல் எப்போதும் வண்டி நின்றபின், மரத்தடியில்தான்.

மின்சாரம்

விசிறி இரவு இரண்டு மணிக்கு நின்றதன் மர்மம் சுவையானது. லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. பழைய உரிமையாளர் 12 வோல்ட் விசிறியை வாங்கி, இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்திருந்தார். அதனால் ஒன்று நாள்தோறும் தேய்ந்தது. மற்றொன்று நிறைந்தே இருந்தது. இணையாக உழைக்க வேண்டிய இரு மாடுகளில் ஒன்றுக்கு மட்டும் தீனி குறைத்ததைப் போன்றது இது. தேய்ந்த பேட்டரி மேலும் தேய, நிறைந்தது அளவுக்கு மீறி மின்னேற்றம் பெற்று அதுவும் கெடும். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் சிறு கருவியை இரு பேட்டரிகளுக்கும் பொதுவாகப் பொருத்தினோம். குறை தீர்ந்தது.

பேட்டரியின் கொள்ளளவு 100 ஆம்பியர்-மணி. ஆக, சேமிப்பு 24 × 100 = 2400 வாட்-மணி. காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்காகப் பாதியைத் தொடாமல் வைத்தால் மீதி 1200. இருபது வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓட 160, ஐந்து வாட் விளக்கு மூன்று மணி நேரம் எரிய 15, கைப்பேசிக்கு 15. மொத்தம் 190 வாட்-மணியே. ஆனால் 600 வாட் மின்கெண்டி ஒன்றை இன்வெர்ட்டர் மூலம் இயக்கினால் 24 வோல்ட்டில் 25 ஆம்பியருக்கும் மேல் மின்னோட்டம் பாயும். கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது நாம் வகுப்பில் படிக்கும் ஜூல் விதி. ஒரு ஆம்பியர் விசிறிக்கென இழுத்த மெல்லிய கம்பியில் 25 ஆம்பியர் பாய்ந்தால் வெப்பம் 625 மடங்கு. கேபின் தீப்பற்ற அது போதும். எனவே ஒவ்வொரு கம்பிக்கும் பேட்டரியின் அருகிலேயே தக்க ஃபியூஸ் வைத்தல் இன்றியமையாதது.

உருளும் பொருள்

மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். அவ்வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதேனும் மோதி நின்றால், கட்டப்படாத பொருள் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடி உயரத்திலிருந்து, விழும் பொருளின் வேகம் அது. இருபது லிட்டர்த் தண்ணீர்க் கேன் ஓட்டுநரின் பிடரிக்குப் பின்னால் நிற்பதைக் கண்டால் இக்கணக்கை நினைவுகூர்க. அது மிதியடிகளின் பக்கம் உருண்டு பிரேக்குக்கு அடியில் சிக்குவதும் உண்டு. கேனைப் பலகைக்கு அடியில் சட்டம் அடித்துப் பட்டையால் இறுக்கினோம். பாத்திரங்கள் வெளிப்பெட்டிக்குச் சென்றன.

சட்டத்தின் நோக்கு

1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி வேலை என்று பொதுவாக வரையறுத்தது. இரவு தங்க நேரும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்றும் கூறிற்று. ஆனால் ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களையே அது கட்டுப்படுத்தியது. ஒற்றை லாரியைச் சொந்தமாக வைத்து ஓட்டும் மாமா போன்றோர் அவ்வரம்புக்கு வெளியே நின்றனர்.

நெடுங்காலம் தொழிற்சாலைகள் எஞ்சினும் அடிச்சட்டமும் மட்டுமே அளித்தன. கேபினை நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைத் தச்சர்களும் கொல்லர்களுமே கட்டினர். ஓட்டுநரின் கைக்கும் உயரத்துக்கும் ஏற்ப அவர்கள் செய்த வேலை பாராட்டத்தக்கது. எனினும் வெயிலைத் தணிப்பது எவருடைய கடமையும் ஆகவில்லை. 2023 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைதான் 2025 அக்டோபர் முதல் நாளிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு லாரிகளின் கேபின்களுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்றது. வரவேற்கத்தக்க விதி இது. ஆனால் அதற்கு முன் பிறந்த லாரிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றின் ஓட்டுநர்களுக்குக் கைவேலையே துணை.

அக்கைவேலைக்கும் எல்லை உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. கொசுவலை, விசிறி, மெத்தை ஆகியன வேறு; கேபினின் பின்சுவரை அறுத்து நீட்டுவது வேறு. உடலைத் தாங்கும் சட்டங்களில் வெல்டிங் வைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நலம்.

முடிவுரை

நாங்கள் செய்தவை பெரிய மாற்றங்கள் அல்ல. ஒரு பலகைக் கூரை, ஒரு ரப்பர் பட்டை, இரு வலைகள், ஒரு மின்கருவி, ஒரு வெளிப்பெட்டி, சில பட்டைகள். ஆயினும் முன்பு இரவில் மூன்று மணி நேரம் கண்ணயர்ந்தவர் இப்போது ஆறு மணி நேரம் உறங்குகிறார். உறங்கி எழுந்த ஓட்டுநரால் அவருடைய குடும்பத்துக்கு மட்டுமா நன்மை? எதிரே பேருந்தில் வரும் நமக்கும் அன்றோ!

நம் கல்லூரி மாணவர் பலருடைய இல்லங்களில் தந்தையோ தமையனோ லாரி ஓட்டுகின்றனர். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் வெப்பக் கடத்தலும், ஜூல் விதியும், நிலைமமும் தேர்வுத்தாளோடு முடிந்துவிட வேண்டியவை அல்ல. அடுத்த விடுமுறையில் ஓர் அளவு நாடாவும் வெப்பமானியும் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டு வண்டியில் ஏறுங்கள். ஆனால் கருத்தைக் கூறுமுன், அதில் உறங்குபவரிடம் எங்கே இடிக்கிறது, எங்கே குத்துகிறது என்று கேளுங்கள். அளவு நாடா அதற்குப் பிறகு.