சிகிரியா: மன்னன் ஏறிய பாறையும் துறவியர் வாழ்ந்த குகையும்

கியா பார்மில் நின்று தேயிலைச் சரிவுகளை நோக்குவோருக்கு 200 மீட்டர் உயரம் ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆயினும் இலங்கையின் நடுப்பகுதியில், சமவெளிக் காட்டினிடையே ஏறத்தாழ அவ்வளவு உயரத்திற்குச் செங்குத்தாக எழும் ஒற்றைப் பாறையின் உச்சியில் ஒரு மன்னன் அரண்மனை கட்டினான். அதுவே சிகிரியா. 1982ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது.

அம்மன்னன் காசியப்பன், தன் தந்தை தாதுசேனனைக் கொன்று கி.பி. 477இல் அரியணை ஏறியவன். தாதுசேனனோ கலாவெவ என்னும் பேரேரியை அமைத்தவன். செல்வத்தை எங்கே ஒளித்தாய் என்று கேட்டவர்களுக்கு அவ்வேரியின் நீரைக் காட்டி, தன் செல்வம் இதுவே என்று அவன் கூறியதாகச் சூளவம்சம் என்னும் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. பட்டத்துக்குரிய சகோதரன் மொகல்லானன் இந்தியாவுக்குத் தப்பிச் சென்றான். அவன் படையோடு திரும்புவான் என்ற அச்சமே காசியப்பனைப் பாறைமேல் ஏற்றியது.

இன்று காண்போர் நீர்த்தோட்டங்களைக் கடந்து சுமார் 1,200 படிகள் ஏற வேண்டும். மழைக்காலத்தில் அங்குள்ள பழைய நீரூற்றுகள் சில இன்றும் பீறிடுகின்றன. வழியில் பெண்ணுருவ ஓவியங்கள், கண்ணாடிச் சுவர், பெரும் சிங்கப் பாதங்கள் ஆகியவை உள்ளன. பண்டைய பயணிகள் அச்சுவரில் கீறிச் சென்ற பாடல்களில் 685ஐ அறிஞர் பரணவிதான படித்து 1956இல் நூலாக்கினார்.

உச்சியை அடையும் அவசரத்தில் பலர் அடிவாரக் குகைகளைப் பாராமல் போய்விடுகின்றனர். இது பெருங்குறை. காசியப்பன் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்குப் பௌத்தத் துறவியர் வாழ்ந்தனர். குகை நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பாறையில் வழியும் மழைநீர் உள்ளே புகாமல் அவ்விளிம்பிலேயே சொட்டிவிடும். வெட்டுப் பட்டையில் மழைநீர் இறங்காதபடி பால்மரத்தில் தடுப்புக் கட்டுபவர்களுக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும். விளிம்பின் கீழே, குகையைத் தானமளித்தோர் பெயர்கள் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

18 ஆண்டுகளுக்குப்பின், 495இல், மொகல்லானன் படையுடன் வந்தான். போர்க்களத்தில் காசியப்பனின் யானை சதுப்பைத் தவிர்க்கத் திரும்பியது. மன்னன் பின்வாங்குகிறான் என்றெண்ணிப் படை சிதறியது. காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். வென்றவன் தலைநகரை அநுராதபுரத்துக்கே மாற்றி, சிகிரியாவைத் துறவியரிடம் ஒப்படைத்தான். அரண்மனை இருந்ததைவிடப் பன்மடங்கு காலம் மடாலயம் அங்கு நிலைத்தது.

வடக்கே அருகிலுள்ள பிதுரங்கல குன்றிலும் விகாரை உண்டு. அங்கே செங்கல்லால் அமைத்த பெரிய சயன புத்தரைக் காணலாம். பிரிஞ்சாங் சாம் போ கோயிலுக்குச் சென்று பழகியவர்களுக்கு வழிபாட்டிட ஒழுங்கு புதிதன்று. தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துங்கள். காலணியையும் தொப்பியையும் கழற்றுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படமெடுக்காதீர்கள். சிகிரியா ஓவியங்களைப் படமெடுக்க அனுமதியில்லை. வெயிலுக்கு முன் காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். பாறையில் பெருங்குளவிக் கூடுகள் இருப்பதால், அமைதி காக்கச் சொல்லும் பலகைகளைக் கண்ட இடத்தில் குரலெழுப்பாமல் நடந்து செல்லுங்கள்.