அட்வான்ஸ் வாங்கிய ஹால்காரர் கைவிரிக்கலாமா?

கேள்வி: நானும் என் துணைவரும் ஆண்கள். சேர்ந்து வாழத் தொடங்கிப் பத்தாண்டு நிறைவதை ஒட்டி நண்பர்களுக்கு விருந்து வைக்க, ஒரு தனியார் பார்ட்டி ஹாலுக்கு 15,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டி ரசீது வாங்கினோம். பேனருக்காக இருவர் பெயரையும் அனுப்பியதும், "உங்க மாதிரி ஆளுங்களுக்கு ஹால் தர்றதில்ல" என்று மேலாளர் வாட்ஸ்அப்பில் எழுதி, பணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். அவசரத்தில் வேறு ஹால் பிடித்ததில் 12,000 ரூபாய் கூடுதல் செலவு. போனில் கேட்டால், "அமெரிக்காவிலேயே கேக் கடைக்காரர் ஜெயிச்சிருக்கார்" என்கிறார். சட்டம் எங்களுக்கு உதவுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: ரசீது கொடுத்தபோதே உங்களுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது. பணத்தைத் திருப்பி அனுப்பியதால் மட்டும் அது இல்லையென்று ஆகாது. "எங்கள் ஹால், எங்கள் இஷ்டம்" என்பதெல்லாம் அட்வான்ஸ் வாங்கும் முன் பேச வேண்டிய பேச்சு. ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் நேரடியாக விளைந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு. அந்த 12,000 ரூபாய் இதில் அடங்கும். உங்கள் வழக்கில் மிக உறுதியான பகுதி இதுதான்.

பதிவே செய்யாமல், வாசலிலேயே மறுத்திருந்தால்? அங்கேதான் நம் சட்டம் தடுமாறுகிறது. தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஒரு தனியார் நிறுவனம் சேவை மறுக்கக் கூடாது என்று நேரடியாகச் சொல்லித் தண்டிக்கும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. தீண்டாமையின் பேரில் கடையிலோ ஓட்டலிலோ ஒருவரைத் தடுத்தால் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பாயும். திருநருக்குச் சேவை மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் திருநர் சட்டம் தடை செய்தது. உங்களுக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. பாகுபாட்டுக்கு எதிராக சசி தரூர் 2017-ல் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை.

ஆனால் அரசியலமைப்பின் 15(2) இருக்கிறது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசை நோக்கியவை. இந்தப் பிரிவோ தனியாரையும் கட்டுப்படுத்தும்: மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி கடை, உணவகம், தங்கும் விடுதி, பொதுக் கேளிக்கை இடம் ஆகியவற்றில் எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது. 'கடை' என்றால் நாலு சுவரும் கல்லாவும் மட்டுமல்ல, சேவை தருபவர்களையும் குறிக்கும் என்று அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் விளக்கினார். 2011-ல் உச்ச நீதிமன்றமும் அந்த விரிந்த பொருளை ஏற்றது.

அந்தப் பட்டியலில் பாலீர்ப்பு இல்லையே என்று எதிர்த்தரப்பு சொல்லும். தன்பாலுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு பற்றிய வழக்கில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் நம் பதில். பாலினத்தின் பேரிலான பாகுபாடு என்பதில் பாலீர்ப்பின் பேரிலான பாகுபாடும் அடங்கும் என்ற கருத்து அதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஹால்காரர் செய்தது 15(2)-க்கு விரோதம் என்பது என் கருத்து. நல்ல வாதம், ஆனால் இன்னும் வாதம்தான், முடிந்த சட்டமல்ல. 2023-ன் தன்பாலினத் திருமண வழக்கில் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட், பொதுமக்களுக்கான பொருள், சேவைகளில் பாகுபாடு கூடாது என்று தெளிவாகவே எழுதினார். அது சிறுபான்மைத் தீர்ப்பில் இருப்பதால் கட்டுப்படுத்தும் ஆணையாகவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

கேக் கடைக்கு வருவோம். தன்பாலின ஜோடிக்குத் திருமணக் கேக் செய்ய மறுத்த அந்தக் கடைக்காரர் 2018-ல் ஜெயித்தது, கொலராடோ மாநில ஆணையம் அவருடைய மத நம்பிக்கையை நடுநிலையோடு அணுகவில்லை என்பதால். யாரையும் திருப்பி அனுப்பலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் திருச்சி ஹாலுக்கு அது செல்லாது.

செய்ய வேண்டியது: பணம் வந்துவிட்டது என்பதால் விஷயம் முடிந்ததாக அவர்கள் சொல்லாதபடி, ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டதாக உடனே பதில் எழுதுங்கள். அந்த வாட்ஸ்அப் வரிதான் உங்கள் சாட்சி. பெரும்பாலான ஹால்காரர்கள் "டேட் வேறொருத்தருக்குக் கொடுத்தாச்சு" என்று தப்பித்திருப்பார்கள், இவர் காரணத்தைக் கைப்பட எழுதித் தந்திருக்கிறார். போனைத் தொலைத்துவிடாதீர்கள். அதன்பின் வழக்கறிஞர் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: சேவைக் குறைபாடு என்று மனு போட்டு, கூடுதல் செலவோடு மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேளுங்கள். 15(2) வாதத்தையும் மனுவில் எழுதுங்கள், அதை மட்டுமே நம்பி எழுதாதீர்கள். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, நீங்களே வாதாடலாம், ஹால் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம்.

போலீஸைக் கூப்பிடுவதாக மிரட்டினால் பயப்படாதீர்கள். நீங்கள் செய்தது எந்தக் குற்றமும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, பால்புதுமையரைத் துன்புறுத்துவது காவலர் நடத்தை விதிகளிலேயே தவறு என்று 2022-ல் சேர்க்கப்பட்டுவிட்டது.

வழக்கறிஞர்கள் பலரும் சொல்லாமல் விடும் ஒன்று. மனுவில் உங்கள் பெயரும் முகவரியும் இருக்கும், விசாரணை திறந்த அறையில் நடக்கும். கேள்வியில் பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டாருக்குத் தெரியாது என்றால், வழக்கு யார் பெயரில், எப்போது என்பதை இருவரும் கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். ரசீது யார் பெயரில் இருக்கிறது என்பதும் இதில் கணக்கு. மனு போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நோட்டீஸை மட்டும் இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.