தேடுபொறியும் சிறு வணிகரும்

மேல்மலையனூரில் அமாவாசை நள்ளிரவில் நிகழும் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்திற்கு வருவோருட் பலர், தங்குமிடத்தை இன்று கைப்பேசியிலேயே தேடுகின்றனர். சிறு விடுதிக்காரரோ தம் வலைத்தளத்தில் 'நல்வரவு' என்று மட்டும் பொறித்துவிட்டு, தம் விடுதி முற்பட வரவில்லையே என வருந்துகின்றார். ஊர்ப்பெயரே இல்லாத பக்கத்தைத் தேடுபொறி யாங்ஙனம் அறியும்? ஊர், கோயிலிலிருந்துள்ள தூரம், அறை வாடகை ஆகியவற்றைப் படத்துள் அடக்காது எழுத்தாகவே தருதல் வேண்டும். அண்மையிலுள்ள செஞ்சியைக் காண வரும் வெளியூரார் 'ஜிஞ்ஜி' என்றும் தேடுவராதலின், அப்பெயரும் இடம்பெறுதல் நன்று. ஆயினும் ஒரே சொல்லை நூறுமுறை அடுக்குதல் கேடாய் முடியும். கூகிள் அதனை ஏமாற்றெனக் கொள்ளும்.

1998இல் நிறுவப்பட்ட அந்நிறுவனம், ஒரு பக்கத்தைப் பிறர் பக்கங்கள் சுட்டுதலையே சிறந்த சான்றாகக் கொண்டு எழுந்தது. (இலக்கணம் பயில்வார்க்குச் சுட்டின் பெருமையைச் சொல்லவும் வேண்டுமோ!) 'பணந்தந்தால் முதலிடம் உறுதி' என்பாரை வணிகர் நம்பற்க, விளம்பரத்திற்கென ஒதுக்கிய இடமன்றி, அப்பட்டியலின் வரிசை விலைக்குக் கிடைப்பதன்று.