பெந்தெகொஸ்தே நாளின் இரண்டு அப்பங்கள்

பெந்தெகொஸ்தே என்றவுடன் காற்றும் அக்கினியும்தான் நமக்கு ஞாபகம் வரும். சிலர் புறாவையும் சேர்த்து பேனரில் வரைந்துவிடுகிறார்கள்! புறா இறங்கினது யோர்தானில் அல்லவா? ஆனால் மோசேயின் நாளிலேயே இந்தப் பண்டிகைக்கு ஒரு அடையாளம் கொடுக்கப்பட்டது. அதை நாம் அதிகம் தியானிப்பதில்லை.

லேவியராகமம் 23-ஐத் திறந்து பாருங்கள். பஸ்காவை ஒட்டி ஏழு நாள் புளிப்பில்லாத அப்பம். வீட்டில் புளித்த மாவே இருக்கக்கூடாது (யாத். 12:19). அப்போது அசைவாட்டின முதற்கதிர்க்கட்டு, உயிர்த்தெழுந்த கிறிஸ்துவுக்கு நிழல் (1 கொரி. 15:20). அதிலிருந்து ஐம்பதாம் நாளில், புதுக் கோதுமை மாவில் இரண்டு அப்பங்கள். இவற்றையோ புளிப்போடு சுடவேண்டும் என்று கர்த்தரே சொல்லுகிறார் (வச. 17).

ஏன்? புளிப்பு வேதத்தில் பெரும்பாலும் பாவத்துக்கு அடையாளம். கதிர்க்கட்டில் அது இல்லை, இயேசுவில் பாவமில்லை. அப்பங்கள் நம்மைக் காட்டுகின்றன. யூதர் ஒன்று, புறஜாதியார் ஒன்று என்று பலர் விளக்குவார்கள். எனக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது.

காத்திருப்புக் கூட்டம் ஆரம்பித்ததும் சில விசுவாசிகள் மெல்ல எழுந்து போய்விடுகிறார்கள். கேட்டால், "பாஸ்டர், என் கோபம் இன்னும் போகல, வீட்ல சமாதானம் இல்ல. எனக்கு எங்க அபிஷேகம்?" என்பார்கள். அம்மா, ஐயா, 18, 19 வசனங்களையும் வாசியுங்கள். ஏழு ஆட்டுக்குட்டிகள், ஒரு காளை, இரண்டு கடாக்கள், பாவநிவாரணத்துக்கு ஒரு வெள்ளாட்டுக்கடா! இரத்தம் இல்லாமல் அந்த அப்பம் தனியாக வரவில்லை. ஏழு வாரத்துக்கு முன்னே மறுதலித்த பேதுருவின்மேலும் அக்கினி வந்து அமர்ந்ததே. எழுந்து போகாதீர்கள், உட்காருங்கள்.

"அப்போ புளிப்போடேயே இருந்துடலாமா?" என்று வாலிபர் கேட்பார்கள். நல்ல கேள்விதான். இராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கும். வெந்து இட்லியான பிறகு பொங்குமா? அந்த அப்பங்கள் பச்சை மாவாக வரவில்லை, அடுப்பில் வெந்து வந்தன. உள்ளே இருந்த புளிப்பின் வேலையை நெருப்பு நிறுத்திப்போட்டது. பாவமில்லாத இயேசுவின்மேல் புறாவாக இறங்கினவர் நம்மிடத்தில் அக்கினியாக வந்த காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வேகிறதுக்கு நாள் ஆகும். பெந்தெகொஸ்தே நாளில் நிரப்பப்பட்ட அதே பேதுரு அப். 4:31-ல் திரும்பவும் நிரப்பப்படுகிறார். அதற்குப் பிறகும் அந்தியோகியாவில் மனுஷருக்குப் பயந்து, புறஜாதியாரோடு பந்தியில் உட்காராமல் விலகினார் (கலா. 2:12). கர்த்தரோ அவரைத் தள்ளிவிடவில்லை.