தாவிச் செல்லும் மின்சாரம்

செம்புக் கம்பி சூடேறினால் மின்தடை கூடுகிறது. கண்ணாடித் தகட்டில் ஆவியாக்கிப் படியவைத்த ஜெர்மானியப் படலத்திலோ குறைகிறது. சோதனையில் நான் ஏதேனும் தவறு செய்கிறேனா?

தவறு தங்களுடையதன்று, படலத்தின் அணுக்கள் ஒழுங்கு கெட்டுக் கிடக்கின்றன. செம்பில் அவை கிரமமாக நிற்பதால் எலெக்ட்ரான் தாராளமாகச் சஞ்சரிக்கிறது. உஷ்ணத்தால் அவை அதிர அதிரத்தான் அதற்கு இடைஞ்சல். தங்கள் படலத்திலோ, பாலமில்லாத காட்டாற்றைப் பாறைக்குப் பாறை தாவிக் கடக்கும் வழிப்போக்கனைப் போல, அது ஓரிடத்தில் சிறைப்பட்டு நின்று, அந்த அதிர்விலிருந்தே சிறிது சக்தியைக் கடன் வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது. குளிர்ந்துவிட்டால் கடன் கொடுப்பாரில்லை. அவ்வேளையில் அது பக்கத்திலுள்ள உயரமான பாறையை விட்டுவிட்டு, தொலைவானாலும் ஏறக்குறையத் தன் மட்டத்திலேயே இருக்கும் பாறையை நாடுகிறது என்று கண்டு சொன்னவர், 1977-ல் ஆண்டர்சன், வான் விளெக் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட நெவில் மாட்.

படலத்தைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து, தடையின் லாகரிதத்தை, கெல்வின் உஷ்ணநிலையின் நாலாம் மூலத்தைத் தலைகீழாக்கி வரும் எண்ணுக்கு எதிரே (256-க்கு நாலில் ஒன்று, 81-க்கு மூன்றில் ஒன்று, கணக்கு அவ்வளவு பயங்கரமன்று) புள்ளி வைத்துப் பாருங்கள். கோடு நேராக வந்தால், தாங்கள் அளந்தது இந்தத் தாவலைத்தான்.